'ஆள் இருக்காங்க மேடம், தூக்கிடுவாங்க'

ரிசார்ட்டுக்கு போன் போட்டு "வீல்சேர் வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். வராது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். "தாராளமா வரலாம் மேடம்" என்பார்கள். வாசலில் படி இருக்கா என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். "ரெண்டே படிதான். நம்ம பசங்க இருக்காங்க, தூக்கிடுவாங்க."

தூக்குவதுதான் அப்பாவுக்கு ஆகாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் பலம் போய்விட்டன. வீட்டுக்குள் நாலு கால் ஸ்டிக்கை ஊன்றி மெதுவாக நடப்பார், வெளியே வீல்சேர்தான். "நான் என்ன கன்டெய்னரா, தூக்கி எறக்க?" என்று கேட்பார். அதனால், அவரோடு ஒரு ராத்திரி கடலோரம் தங்க நான் தேடிய ரிசார்ட்டுகளில் தூக்குவோம் என்று சொன்ன இடங்களை அப்போதே அடித்துவிட்டேன். பட்டியலில் பாதி காலி.

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு கடல் பார்க்க மாமல்லபுரமா என்று அடையாறில் இருக்கும் அத்தை கேட்டார். எங்கள் பக்கம் கடல் கூப்பிடு தூரம்தான், உட்காரத்தான் கரை இல்லை. துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கியது. மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே கடல் அரித்துக்கொண்டே வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரை பாறாங்கல் கொட்டித்தான் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் மேல் வீல்சேரை எங்கே நிறுத்துவது? மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பதம் பார்த்தது, பிறகு சரிசெய்தார்கள். அங்கே கூட்டிப் போனதில் அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் பேரப்பிள்ளைகளோடு ராத்திரி தங்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்குத்தான் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் தேடியது.

முதலில் நட்சத்திர ஹோட்டல்களைப் பிடித்தேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திரத் தகுதி வேண்டுமென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஓர் அறையாவது இருக்க வேண்டும், அதன் கதவு ஒரு மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே "வீல்சேர் வருமா" என்று கேட்பதை விட்டுவிட்டு "உங்களோட அந்த ரூம் எது?" என்று கேட்க ஆரம்பித்தேன். பதில் உடனே மாறியது. ஓரிடத்தில் அறை இருந்தது, பார்க்கிங்கைப் பார்த்தபடி. கடலைப் பார்க்கப் போகிறவருக்கு அது எதற்கு? நட்சத்திரம் வாங்குவது கட்டாயமில்லை என்பதால் பல ரிசார்ட்டுகள் அதற்கு விண்ணப்பிப்பதே கிடையாது. அவர்களிடம் இந்தக் கேள்வி செல்லாது.

மிச்சமிருந்தவர்களிடம் கதவு, படியில் எல்லாம் அளக்கும் டேப் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அலுத்துக்கொண்டவர்களை விட்டுவிட்டேன். அனுப்பியவர்களிடம்தான் பேச்சு.

எல்லாம் பாத்ரூமில்தான் மாட்டும். அப்பாவின் வீல்சேருக்கு வெளி அகலம் 25 அங்குலம். இரண்டரை அடிக் கதவு என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் நிலைச்சட்டம் போனால் 25 அங்குலம் மிஞ்சினால் பெரிது. திறந்து நிற்கும் கதவின் தடிமன் அதிலும் ஒன்றேகால் அங்குலத்தைத் தின்றுவிடும். சக்கரத்தைத் தள்ளும் விரல் முட்டிகளுக்கு இடம் வேண்டாமா? கதவை முழுக்கத் திறந்து வைத்து, இடைவெளியை மட்டும் அளக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. "இருக்கு மேடம்" என்று ஒரு தம்பி காட்டியது துண்டு போடும் கம்பி. அதைப் பிடித்து எழுந்தால் ஸ்க்ரூவோடு கையில் வந்துவிடும். நிஜக் கைப்பிடி இருந்தாலும் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். அப்பாவுக்கு வலது கைதான் வேலை செய்யும். இங்கே ஒரு குழப்பம் வரும்: கமோடை நேராக நின்று எடுத்த படத்தில் இடது பக்கம் தெரிவதுதான் உட்கார்ந்தவருக்கு வலது பக்கம். என் சொந்தத் தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, தப்பான பக்கம் இருக்கு" என்றான். அவனை உட்கார வைத்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

சரிவு விஷயத்தில் கணக்கு சுலபம்: ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம். ரெண்டு படி சேர்ந்து ஒரு அடி உயரம் என்றால் சரிவு 12 அடி நீளம் வேண்டும். ஓரிடத்தில் "ராம்ப் இருக்கு" என்று அனுப்பிய படத்தில் இருந்தது நாலடிதான், லக்கேஜ் தள்ளுவண்டிக்குப் போட்டது. அதில் ஆளை வைத்து இறக்கினால் தள்ளுகிறவரும் சேர்ந்து உருளுவார்.

கடைசியில் முடிவானது மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் உள்ள பழைய ரிசார்ட். பளபளப்பு கிடையாது. ஆனால் அறைகள் வரிசையாகத் தரைத்தளத்தில். முன்னால் தாழ்வாரம், அதைத் தாண்டிப் புல்தரை, அப்புறம் கடல். மணலில் சக்கரம் புதையும் என்பதால் கடற்கரைக்கு இறங்குவதைவிட உட்கார்ந்த இடத்திலிருந்து கடல் தெரிவதுதான் எங்களுக்கு முக்கியம். தாழ்வாரத்துக்கு ஏற நாலு அங்குலப் படி ஒன்று இருந்தது. நாலடிப் பலகை வைத்தால் போதும் என்றேன். அவர்கள் ஆசாரியை வைத்து பிளைவுட்டில் செய்தே வைத்துவிட்டார்கள்.

டாக்சி புக் பண்ணும்போது டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கா என்று கேளுங்கள். இருந்தால் மடித்த வீல்சேர் பெரும்பாலும் உள்ளே போகாது. கன்டெய்னர் லாரிகளுக்கு முன்னால் கிளம்பிவிட விடியற்காலை புறப்பட்டோம்.

போய் இறங்கியதும் ரிசப்ஷனில், "உங்களுக்கு மாடியில நல்ல வியூ ரூமா மாத்திட்டோம், எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல" என்று சிரித்தார்கள். லிப்ட் கிடையாது. அறை எண்ணை முன்கூட்டியே மெயிலில் வாங்கி வைத்திருந்ததால் சண்டை போடாமல் கீழ் அறையே கிடைத்தது. கட்டில்தான் உயரம், மேல் மெத்தையை எடுக்கச் சொன்னதும் வீல்சேர் மட்டத்துக்கு வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழி முழுக்கக் கூழாங்கல், அதனால் சாப்பாடு தாழ்வாரத்துக்கே வந்தது. மீன் குழம்பு சுமார். காசிமேட்டு மீன் தின்று வளர்ந்த அப்பா அதைப் பற்றி நிறையவே பேசினார்.

கிளம்பும்போது மேனேஜர் அந்தப் பலகையை என்ன செய்யலாம் என்று கேட்டார். அடியில் ரப்பர் ஒட்டி அந்த அறைக்கே வைத்துவிடுங்கள், மழையில் நகராது என்றேன். கையோடு கமோடுக்கு இன்னொரு பக்கமும் ஒரு கைப்பிடி போட்டுவிடச் சொன்னேன். அடுத்து வருகிறவருக்கு எந்தக் கை வேலை செய்யும் என்று யாருக்குத் தெரியும்!