ஃப்ரீபிஎஸ்டியில் வீடியோ கால்: மே மாத நாட்குறிப்பு

2025 மே 6, செவ்வாய்

ஸ்கைப் நேற்றோடு மூடியாயிற்று. 2003இல் வந்தது, 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, இப்போது கதை முடிந்தது. அக்காவோடு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு அதில்தான். என் பக்கம் எப்போதும் கைபேசி, ஏனென்றால் மேசைக் கணினியில் ஓடுவது விண்டோஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம்.

"இனிமே எதுலடா பேசறது? நீயே பாத்துச் சொல்லு. ஆனா புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணச் சொல்லாதே" என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நியாயமான நிபந்தனை. என் நிபந்தனையும் ஒன்று உண்டு: இந்த முறை கைபேசி கிடையாது, பெரிய திரையில்தான்.

மே 7, புதன்

தரவிறக்கப் பக்கங்களாகப் பார்த்துக்கொண்டே போனேன். விண்டோஸ், மேக், கீழே சின்னதாக லினக்ஸ். அதோடு சரி. ஃப்ரீபிஎஸ்டி 1993இலிருந்து இருக்கிறது, இந்தப் பட்டியல்களில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

டெலிகிராமும் சிக்னலும் ஃப்ரீபிஎஸ்டியின் நிரல் களஞ்சியமான போர்ட்ஸ் தொகுப்பில் இருக்கின்றன. ஆனால் அக்கா இரண்டிலும் இல்லை, சேரப்போவதும் இல்லை.

மே 8, வியாழன்

லினக்ஸுக்கான செயலியையே இங்கே ஓட்டிவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி சரிதான். லினக்ஸ் நிரல் விடுக்கும் அழைப்புகளைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல ஃப்ரீபிஎஸ்டியின் உட்கருவான கர்னலுக்குத் தெரியும். எமுலேட்டர் எதுவும் நடுவில் இல்லாததால் வேகமும் பெரிதாகக் குறையாது. சிக்கல் வேறு இடத்தில். இந்தக் காலச் செயலிகள் பலவும் வயிற்றுக்குள் ஒரு குரோமியம் உலாவியை வைத்துக்கொண்டு வருகின்றன. அந்தக் குரோமியத்தின் பாதுகாப்பு வேலியான சாண்ட்பாக்ஸ் கேட்கும் லினக்ஸ் கர்னல் வசதிகள் இங்கே கிடையாது. சாண்ட்பாக்ஸை அணைத்தால்தான் செயலி எழுந்து நிற்கும். கேமராவும் மைக்கும் கையில் கொடுக்கப்படும் ஒரு நிரலை, அதன் காவலைக் கழற்றிவிட்டு ஓட்டுவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

மெய்நிகர் கணினி வைத்து அதற்குள் லினக்ஸை நிறுவுவது அடுத்த யோசனை. ஆனால் ஃப்ரீபிஎஸ்டியில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பீஹைவ், கேமரா போன்ற ஒரு யூஎஸ்பி கருவியைத் தனியாக உள்ளே அனுப்பாது. யூஎஸ்பி கன்ட்ரோலரையே மொத்தமாக ஒப்படைக்க வேண்டும். அதில் செருகியிருக்கும் விசைப்பலகையும் சுட்டியும் கூடவே போய்விடும். கைவிட்டேன்.

மே 9, வெள்ளி

செயலி தேடுவதை இன்றோடு நிறுத்துகிறேன். வேண்டியது உலாவியிலேயே இருக்கிறது.

கூகுள் 2010இல் ஜிப்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் ஒலி, ஒளித் தொழில்நுட்பத்தை 2011இல் வெப்ஆர்டிசி என்று திறந்த மூலமாக வெளியிட்டது. 2021 ஜனவரியில் அது முறையான இணையத் தரமும் ஆகிவிட்டது. எதிரொலி நீக்கம், குறியாக்கம், ஃபயர்வாலைக் கடந்து எதிர்முனையைக் கண்டுபிடிப்பது எல்லாம் உலாவியின் பொறுப்பு. வீடியோவைச் சுருக்கும் முறையாக விபி8 வேண்டும் என்று ஒரு கட்சி, எச்.264 வேண்டும் என்று இன்னொரு கட்சி. சண்டை ஓயாமல் கடைசியில் உலாவிகளுக்கு இரண்டுமே கட்டாயம் என்று எழுதிவைத்தார்கள். அந்த இழுபறியால் எனக்கு லாபம்தான். எச்.264க்கு உரிமம், தனி பைனரி என்று எங்காவது இடறினாலும் விபி8 கைகொடுக்கும்.

ஃபயர்பாக்ஸும் குரோமியமும் ஃப்ரீபிஎஸ்டியில் நேரடியாகவே ஓடுகின்றன. ஆக, மீதி வேலை கேமராவை உலாவியின் கண்ணில் காட்டுவது.

மே 10, சனி

இன்று முழுக்க கேமரா.

யூஎஸ்பி கேமராக்களில் பெரும்பாலானவை யூவிசி என்ற பொது விதிப்படி பேசுபவை, எனவே தயாரிப்பாளரின் டிரைவர், அதாவது கருவியை இயக்கும் நிரல், தேவையில்லை. ஆனால் அந்த விதியைப் பேசத் தெரிந்த ஒருவர் கணினியின் பக்கமும் வேண்டுமே. ஃப்ரீபிஎஸ்டி இதற்குக் கண்டிருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. லினக்ஸின் கேமரா டிரைவர்களை அப்படியே எடுத்து, கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓடவிடுகிறார்கள். வெப்கேம்டி என்று பெயர். கியூஸ் என்ற கர்னல் மாட்யூல் அந்த நிரலுக்கு ஒரு சாதனக் கோப்பைத் திறந்துகொடுக்கிறது, உலாவி அதை லினக்ஸில் பார்ப்பது போலவே வீடியோ0 என்று பார்க்கிறது. டிரைவர் குப்புற விழுந்தாலும் விழுவது ஒரு நிரல்தான், கணினி அல்ல.

கியூஸ் கணினி தொடங்கும்போதே ஏறவேண்டும், வெப்கேம்டி சேவையை இயக்கிவைக்க வேண்டும், என் பயனர் பெயர் வெப்கேம்டி குழுவில் இருக்கவேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ரூட்டாக, அதாவது நிர்வாகியாகப் பார்த்தால் படம் தெரியும், உலாவியில் மட்டும் கேமராவே இல்லை என்று வரும். குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும். உலாவிக்கு முன்னால் பிடபிள்யூசிவியூ என்ற குட்டி நிரலில் படம் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதில் வந்தால் கேமராமேல் பழியில்லை.

படம் வந்தது. ஆனால் 1280க்கு 720இல் தத்தித் தத்தி வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுருக்காத படத்தில் ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்குச் சுமார் 55 மெகாபைட். யூஎஸ்பி 2.0 இந்த வகைக் கருவிக்குத் தரக்கூடியது அதிகபட்சம் 24 மெகாபைட் சொச்சம். எப்படிப் போதும்? கேமரா தானே ஒவ்வொரு படத்தையும் எம்ஜெபெக் முறையில் சுருக்கி அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது. அல்லது 640க்கு 480க்கு இறங்கினால் சுருக்காமலே சுமார் 18 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

மே 11, ஞாயிறு

உலாவியிலேயே ஓடும் ஜிட்சி மீட் என்ற வீடியோ கால் சேவையில் ஒரு அறை திறந்து அக்காவுக்கு இணைப்பை அனுப்பினேன். 2023 ஆகஸ்ட் முதல் அவர்களின் பொதுத் தளத்தில் அறையைத் திறப்பவர் உள்நுழைய வேண்டும். வருபவருக்கு அது தேவையில்லை. அக்கா இணைப்பைத் தொட்டாள், உலாவி கேட்டதற்கெல்லாம் சரி என்றாள், வந்துவிட்டாள்.

"என்னடா, உன் ரூம் முழுசாத் தெரியுது! அந்த அலமாரிய எப்பதான் ஒழுங்கு பண்ணப் போற?"

இரண்டு பேர் மட்டும் என்றால் ஜிட்சி இருவரையும் நேராக இணைக்கப் பார்க்கும். மூன்றாவது ஆள் வந்ததும் வீடியோ எல்லாம் அவர்களின் வீடியோபிரிட்ஜ் என்ற இடைநிலைச் சர்வர் வழியாகப் போகும். நடுவில் மாமா வேறு கருவியிலிருந்து நுழைந்தார். மாறியது தெரியவே இல்லை.

ஒரு குறை: என் குரல் தூரத்திலிருந்து வருகிறதாம்.

மே 13, செவ்வாய்

குறையின் காரணம் தெரிந்தது. கேமராவில் இருக்கும் மைக்கை ஃப்ரீபிஎஸ்டி தனி ஒலிச் சாதனமாக எண்ணுகிறது. இயல்புச் சாதனமாக இருந்தது மதர்போர்டின் ஒலிச்சில்லு, எனவே பின்னால் செருகிக் கிடந்த பழைய மைக்தான் பேசிக்கொண்டிருந்தது. கேமராவை இயல்பாக்கினால் மைக் சரியாகும், ஸ்பீக்கர் ஊமையாகும், ஏனென்றால் கேமராவுக்கு ஒலிக்கத் தெரியாது. வர்ச்சுவல் ஓஎஸ்எஸ் என்ற நிரல் இரண்டையும் ஒட்டி, இங்கிருந்து பதிவு, அங்கே ஒலிப்பு என்று ஒரே சாதனமாகக் காட்டியது.

மே 15, வியாழன்

அலுவலகக் கூட்டம். அவர்கள் பயன்படுத்தும் சேவை வேறு. உலாவியிலேயே சேரலாம் என்று எழுதியிருக்கிறது, உள்ளே போனால் "உங்கள் இயங்குதளம் ஆதரிக்கப்படவில்லை." கேமரா இருக்கிறதா, வெப்ஆர்டிசி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியில் பெயரைப் பார்த்தே கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த வரியில் லினக்ஸ் என்று மாற்றி எழுதினேன். அதே உலாவி, அதே கேமரா. கூட்டம் முழுக்க ஒரு தடங்கலும் இல்லை. எரிச்சலாக இருந்தது. உலாவிக்கு என்னென்ன முடியும் என்று கேட்க நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். பெயர் பார்த்துத் தடுப்பவர் சோதிக்கும் வேலையை மிச்சம் பிடிக்கிறார், அவ்வளவுதான்.

மே 19, திங்கள்

ஜிட்சியை வீட்டுக் கணினியிலேயே நிறுவிப் பார்க்கும் ஆசை வந்தது. முதலில் ஒரு சோதனைப் பக்கத்தை எச்டிடிபியில் வைத்தேன். இன்னொரு கணினியிலிருந்து திறந்தால் உலாவி கேமரா அனுமதியே கேட்கவில்லை. கேட்கவும் கேட்காது: எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு மைக்கோ கேமராவோ கிடையாது, அதே கணினியின் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு. ஆக, முதல் வேலை சான்றிதழ். பிறகு வீடியோபிரிட்ஜுக்கு யூடிபி 10000 போர்ட்டைத் திறக்கவேண்டும்.

மே 24, சனி

திரைப் பகிர்வும் பார்த்தாகிவிட்டது. திரையில் சாளரங்களை வரையும் பழைய அமைப்பான எக்ஸ்11இல் உலாவி நேராகத் திரையைப் படித்துக்கொள்கிறது, எதையும் தொடவேண்டியதில்லை. அதன் இடத்துக்கு வந்திருக்கும் வேலேண்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது. பைப்வயர், போர்ட்டல் என்று இரண்டு இடைத்தரகர்கள் சரியாக அமைந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திங்களன்று நான்தான் திரையைக் காட்டிப் பேசவேண்டும், அதனால் வேலேண்டுக்கு மாறுவது அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பு.