உச்சா சொல்லும் வயது

மார்ச் 4

"எங்க காலத்துல ஒம்பது மாசத்துலயே உச்சா, கக்கா போகப் பழக்கிட்டோம்" என்று பாட்டிமார் சொல்வது பொய்யில்லை. நீட்டிய கால்களின் மேல் உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்றால் குழந்தை போய்விடும். ஆனால் அங்கே முகம் பார்த்து நேரம் கண்டுபிடிப்பவர் பெரியவர். கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்கள் பிறந்த சில வாரங்களிலேயே இதைத் தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் பெரும்பாலும் நனையாத நிலைக்குக் கொண்டுவந்துவிடுவதாக 1977-ல் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 1962-ல் வெளியிட்ட 1,170 குழந்தைகளின் கணக்கில், பகலில் பழகிய சராசரி வயது 28.5 மாதம். அது குழந்தை தானே உணர்ந்து, அடக்கி, போய் உட்காரும் வயது. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறை சொல்வது, இன்றைய தாய்க்குச் செய்யும் அநியாயம்.

மார்ச் 9

பழக்கத் தொடங்கும் முன் குழந்தை தயாரா என்று தெரிய, இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கிறதா, ஈரமானால் முகம் சுளிக்கிறதா, "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிகிறதா என்று பாருங்கள். பலருக்கு இது ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் வரும். ஆண் குழந்தைகள் சில மாதம் பிந்துவது சகஜம்.

சாப்பிட்ட அரைமணிக்குள் உட்காரவையுங்கள்; வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையும். ஐந்து நிமிடம் போதும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்க முடியாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி காலடியில் ஒரு ஸ்டூல் வையுங்கள். பட்டன், ஜிப் வேண்டாம், எலாஸ்டிக் டவுசர் போதும்.

மார்ச் 15

கதவுக்குப் பின்னால் நுனிக்காலில் நின்று, தொடைகளை இறுக்கி, முகம் சிவக்கும் குழந்தை முக்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அடக்குகிறது! ஒருமுறை வலித்த பயம். அடக்க அடக்க மலம் கெட்டியாகும், மறுபடி வலிக்கும். நாளாக ஆக மலக்குடல் விரிந்து, உணர்வே மங்கிவிடும். பிறகு கெட்டி மலத்தின் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் படும். அதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும். திட்டினால் இன்னும் மோசம்.

முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், பழக்கம் காத்திருக்கட்டும். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். டாக்டர் எழுதிய மலமிளக்கியை இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். விரிந்த குடல் பழையபடி ஆக மாதக்கணக்காகும்.

மார்ச் 27

இரவு வேறு விஷயம், அது பழக்கி வருவதில்லை. ஐந்து வயதிலும் ஏறக்குறைய ஏழில் ஒரு குழந்தை படுக்கையை நனைக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுவயதில் அப்படி இருந்தால் வாய்ப்பு அதிகம். ரப்பர் ஷீட் விரியுங்கள், தண்டிக்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்து, தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்து, மெலிந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்த்துவிடுங்கள். மறுநாள் வரை தள்ளாதீர்கள்.