ராத்திரியில் போட்ட கமிட்

எங்கள் ஆபீஸ் தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர்களுக்குக் கணக்குப் பார்க்கும், பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம்தான் பிழைப்பு. வெளியே டிரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே நாங்கள் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று மல்லுக்கு நிற்போம்.

பைத்தானுக்கு 2001-லேயே பெப் 8 என்று ஒரு வழிகாட்டி வந்துவிட்டது. உள்தள்ள நாலு ஸ்பேஸ், வரிக்கு 79 எழுத்து. எங்கள் சீனியர் அண்ணன் அதைவிட்டு நகர மாட்டார். நான் 120 கட்சி.

"பஞ்ச் கார்டு காலத்துக் கணக்குண்ணே அது. இப்போ மானிட்டர் எவ்ளோ பெருசு!"

"உன்னுது பெருசுபா."

டேப்பையும் ஸ்பேஸையும் தாறுமாறாகக் கலந்தால் பைத்தான் 3 ஓடவே மாட்டேன் என்றுவிடும், அதனால் அதில் எங்களுக்குத் தகராறு வந்ததில்லை. மெஷின் கண்டுகொள்ளாத விஷயத்துக்குத்தான் இவ்வளவும். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் சரிபார்க்கும் ரிவியூவில் மூன்று நாள் இதே பேச்சு. லாஜிக்கை ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பொறுமை போய், வரிகளை ஒரே பாணியில் தானாக அடுக்கிவிடும் பிளாக் என்கிற ஃபார்மேட்டரை, எங்கள் புரோகிராம் முழுதும் இருக்கும் ரெப்போவில் ஓட்டி, ஒரே கமிட்டாக (பதிவான மாற்றமாக), யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் பொதுவான மெயினில் தள்ளிவிட்டேன். அது தானாக வைத்துக்கொள்வது 88. அவருக்கும் இல்லை எனக்கும் இல்லை என்று பெருமை வேறு.

திங்கட்கிழமை அண்ணன் பத்து நாளாகத் தனியாக எழுதிவந்த பிராஞ்ச், மெயினோடு மெர்ஜ் ஆகவில்லை, சேரவில்லை. திறந்த ஃபைலெல்லாம் அவர் மாற்றமும் என் மாற்றமும் மோதும் கான்ஃப்ளிக்ட். அதே நேரம் பார்த்து ஒரு பார்ட்டியிடமிருந்து போன்: கன்டெய்னர் தாமதமானால் போடும் டெமரேஜ் கட்டணத்தில், கட்டணமில்லாத ஃப்ரீ டேஸ் ஒரு நாள் குறைகிறது. யார் எழுதியது என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் காட்டும் பிளேம் போட்டால், வரிக்கு வரி என் பெயர்.

"நான் எழுதலண்ணே, ஃபார்மேட்டர்!"

அண்ணன் பேசவில்லை. தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். பழைய லேப்டாப், எழுத்தளவு 20. அந்தத் திரையில் 79 எழுத்து ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. என்னுடைய நீள வரிகள் பாதியில் காணாமல் போகின்றன. கண்ணைப் பற்றி ஒரு நாளும் அவர் வாய் திறந்ததில்லை.

2019-இல் வந்த கிட் 2.23-இலிருந்து, குறிப்பிட்ட கமிட்டைத் தாண்டிப் பார்க்கும்படி பிளேமிடம் சொல்லலாம். அண்ணன் ஒரு ஃபைலில் என் ராத்திரி கமிட்டின் அடையாளக் குறியான ஹாஷை ஒட்டி, அதைக் கிட்டுக்குக் காட்டிவிட்டு, மறுபடி பிளேம் போட்டார். ஃப்ரீ டேஸ் வரியில் இப்போதும் என் பெயர்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கமிட்.

"இப்போ இன்னாபா சொல்ற?"

அந்த வரியைத் திருத்தினேன். கையோடு பிளாக்கின் செட்டிங் இருக்கும் கான்ஃபிகில் 88-ஐ 79 ஆக்கி, இந்தத் தடவை ரிவியூவுக்கு அனுப்பினேன்.