மூன்று சனிக்கிழமை, ஒரு தீவு, ஏகப்பட்ட கொசு

போன ஜூலையில் மூன்று சனிக்கிழமை சாயங்காலம் ஹங்கேரியில் இருக்கும் மார்டோன்வாஷாரில் இருந்தேன். புடாபெஸ்டிலிருந்து ஸேகெஷ்ஃபெஹேர்வார் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அரைமணிக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். சின்ன ஊர். ப்ருன்ஸ்விக் என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகை, அதைச் சுற்றிப் பெரிய பூங்கா, பூங்காவுக்குள் ஏரி, ஏரிக்குள் ஒரு தீவு. 1958-லிருந்து அந்தத் தீவில்தான் கோடைக் கச்சேரி நடக்கிறது, பெரும்பாலும் ஜெர்மன் இசையமைப்பாளர் பேத்தோவனின் இசை.

ஏன் பேத்தோவன் என்றால், அவர் இந்த வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறார். ஃபெரென்ட்ஸ் ப்ருன்ஸ்விக்குக்குத்தான் அப்பாசியோனாட்டா என்ற பியானோ சொனாட்டாவைக் காணிக்கையாக்கினார், அவருடைய அக்கா தெரேஸுக்கு இன்னொரு சொனாட்டா. தங்கை யோசபினுக்கு பேத்தோவன் எழுதிய காதல் கடிதங்கள் 1957-ல்தான் அச்சில் வந்தன. எனக்கென்னவோ தெரேஸைத்தான் பிடிக்கும். 1828-ல் புடாவில் ஹங்கேரியின் முதல் பாலர் பள்ளியைத் தொடங்கிய பெண்மணி அவர். காதல் கதை சொல்கிறவர்கள் அவரைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, இப்போது நாம் பார்த்து வியக்கிற கோபுரம் வைத்த மாளிகை 1870-களில் மாற்றிக் கட்டியது. பேத்தோவன் பார்த்த வீடு இந்தத் தோற்றத்தில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது, சரி, மரங்களாவது பழசு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் வாரம் ஆறாவது சிம்ஃபொனி. உண்மையைச் சொல்வதென்றால் திறந்தவெளியில் ஓசை அவ்வளவு நன்றாக இருக்காது, செல்லோவும் டபுள் பாஸும் பாதி காற்றோடு போய்விடும். ஆனால் இரண்டாம் பகுதியின் கடைசியில் புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும், ஓபோ காடையாகவும், கிளாரினெட் குயிலாகவும் கூவும் ஓர் இடம் உண்டு. அது முடிந்து ஒரு நொடி அமைதி வரவேண்டிய நேரத்தில் மேலே மரத்திலிருந்து நிஜப் பறவை ஒன்று விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, வயலின்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏரிக்கரை, ஜூலை, அந்தி நேரம். பக்கத்து இருக்கைப் பாட்டி ஒருவர் என் கணுக்காலைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பையிலிருந்து கொசு மருந்து ஸ்ப்ரேயை எடுத்து நீட்டினார். அடுத்த வாரமும் தற்செயலாக அவர் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அன்று மழை தூறி, குடைக்குள் உட்கார்ந்து காத்திருந்ததுதான் அதிகம்.

மூன்றாவது வாரம் ஏழாவது சிம்ஃபொனி. அதன் இரண்டாம் பகுதி முழுக்க ஒரே நடைதான்: நெடில், குறில், குறில், நெடில், நெடில். என்னையறியாமல் தொடையில் விரல் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பாட்டி ஓரக்கண்ணால் பார்த்தார், கையை மடக்கிக்கொண்டேன். இங்கே பகுதிக்குப் பகுதி கைதட்டவும் கூடாது, எல்லாம் முடிகிறவரை வாயையும் கையையும் மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஆனால் முடிந்தபிறகு நடப்பதுதான் விஷயம். முதலில் மழை கொட்டுகிற மாதிரி தாறுமாறான கைதட்டல். அப்புறம் யாரும் சொல்லாமலே மொத்தக் கூட்டமும் ஒரே அடியில் வந்து சேர்கிறது. இதை வஷ்டப்ஷ் என்கிறார்கள், இரும்புக் கைதட்டல் என்று அர்த்தம். 2000-ல் சில இயற்பியலாளர்கள் இப்படிப்பட்ட கைதட்டல்களைப் பதிவு செய்து நேச்சர் இதழில் எழுதினார்கள்: ஒவ்வொருவரும் தன் வேகத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துக்கொள்வதால்தான் ஒன்றுசேர முடிகிறது, ஆனால் மெதுவாகத் தட்டினால் மொத்தச் சத்தம் குறைகிறது, அது போதாமல் வேகத்தைக் கூட்டுகிறார்கள், உடனே எல்லாம் குலைகிறது, மறுபடி சேர்கிறது. படித்தபோது நம்பவில்லை. அன்று இரவு மூன்று முறை சேர்ந்து மூன்று முறை குலைந்ததை எண்ணினேன்.

நான் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டாம் காலத்திலேயே, அதாவது இரட்டை வேகத்தில், தட்டிக்கொண்டிருந்தேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து இரண்டு அடி தட்டிக் காட்டினார். மூன்றாவது அடி எனக்கே வந்துவிட்டது. அப்புறம் கடைசி ரயிலைப் பிடிக்க இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இருட்டில் வேகமாக நடந்தோம்.