கசற் அட்டையில் விடுபட்ட பெயர்கள்

1998இல் வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்கள் வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அவற்றைக் கசற்றில் பதிந்து, அட்டையில் விபரம் எழுதிக் கொடுப்பது என் வேலை. தமிழ்ப் பாட்டென்றால் படம், பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் எல்லாம் எழுதுவேன். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் அப்படித்தான் எங்கள் காதைப் பழக்கியிருந்தார்கள். ஆங்கிலப் பாட்டுக்குப் பாடகர் பெயரோடு சரி. ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த வருடம் தாளுக்குத் தாள் வந்த பாட்டு நத்தலி இம்ப்ரூலியாவின் ‘டோர்ன்’, அதாவது ‘கிழிந்துபோனது’. ‘நெய்பர்ஸ்’ என்ற அவுஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர் அவர். 1997இல் வந்த ‘லெஃப்ட் ஒஃப் த மிடில்’ அவருடைய முதல் அல்பம், இது அதிலிருந்து தனியாக வெளியிட்ட முதல் பாட்டு, முதல் சிங்கிள். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு மேலே ஏறாமலே பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

நாலு நிமிடப் பாட்டு. வரிகள் முடிந்த பிறகு ஒரு ஸ்லைட் கிட்டார் இழைந்துகொண்டே போய் மெல்ல மறையும். 90 நிமிடக் கசற்றில் ஒரு பக்கம் 45 நிமிடம். பக்கக் கடைசியில் இதைப் போட்டால் அந்தக் கிட்டார்தான் வெட்டுப்படும். அதனால் தாளில் எந்த இடத்தில் எழுதியிருந்தாலும் இதை இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டாக வைப்பேன். முழுதாகக் கேட்காதவருக்கு அந்தப் பாட்டின் வலி பாதிதான் போய்ச் சேரும் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஒரு நாள் டென்மார்க்கில் இருந்து விடுமுறைக்கு வந்த அக்கா ஒருவர் கடைக்குள் வந்தார். பாட்டைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

“தம்பி, இது டெனிஷ் பாட்டெல்லோ?”

“இல்லை அக்கா, இது புது இங்கிலிஷ் பாட்டு.”

நான் அடித்துச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. அடுத்த நாள் லொட்ஜிலிருந்து தன்னுடைய கசற்றைக் கொண்டுவந்தார். டெக்கில் போட்டேன். வேறு குரல், வேறு மொழி, அதே மெட்டு. லிஸ் சோரென்சென் 1993இலேயே டெனிஷில் பாடியது. “இதின்ர பேருக்கு ‘எரிஞ்சு போச்சு’ எண்டு அர்த்தம்” என்றார் அக்கா. ஆங்கிலத்தில் கிழிந்தது, டெனிஷில் எரிந்திருக்கிறது. எனக்கு முகம் சுட்டது.

அன்றைக்குத்தான் இறுவட்டோடு வரும் சிறு புத்தகத்தைப் புரட்டி அந்தப் பொடி எழுத்துகளை வாசித்தேன். ஸ்கொட் கட்லர், ஆன் பிரெவன், ஃபில் தோர்னலி. மூவரும் சேர்ந்து எழுதிய பாட்டு. கட்லரும் பிரெவனும் எட்னாஸ்வாப் என்ற குழுவில் இருந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழு 1995இல் தன்னுடைய முதல் அல்பத்தில் இதைப் பதிந்திருக்கிறது, பாடியது பிரெவன்தான். அவர் பாடும்போது ஆத்திரமும் கரகரப்புமாக இருக்கும். இம்ப்ரூலியாவின் பதிவைத் தயாரித்த தோர்னலியோ அதே பாட்டை வெளிச்சத்தில் பிடித்ததுபோல் தெளிவாக்கியிருந்தார். நத்தலியின் குரல் மீது எனக்கு இருந்த பிரியம் இதனால் குறையவில்லை. இத்தனை கை மாறி வந்த பாட்டைப் புதிதாய்ப் பிறந்ததுபோல் பாடுவது சின்ன வேலையில்லை.

அதன் பிறகு ஆங்கிலக் கசற் அட்டைகளிலும் எழுதியவர்கள் பெயரைச் சேர்த்தேன். “உதை ஆர் வாசிக்கப் போகினம்?” என்று முதலாளி கேட்டார். அவர் மறுக்கவில்லை, நேரம் போகிறதே என்றுதான் அவருக்கு. நாங்கள் பதிந்து விற்ற எந்தப் பாட்டுக்கும் அதை எழுதியவர்களுக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு சதமும் போனதில்லை. அது இப்போதும் உறுத்துகிறது.

அப்படி எழுதிய முதல் அட்டை அந்த அக்காவினுடையது. டென்மார்க்குக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் வந்து வாங்கிப் பார்த்தார்.

“இவையெல்லாம் ஆர் தம்பி?”

“எழுதின ஆக்கள், அக்கா.”

மூன்று பெயரையும் வாய்க்குள் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கசற்றைக் கைப்பைக்குள் வைத்தார்.