டூபிங்கனில் ஜீனோம் படிக்க வருபவர்களுக்கு: முதல் செமஸ்டர்

உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் ஜெர்மனியின் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் துறைகளில் அல்காரிதத்துக்கு, அதாவது படிப்படியான கணக்கு வழிக்கு, தனி மரியாதை உண்டு. 2000-இல் பழ ஈயின் ஜீனோமையும் (முழு டிஎன்ஏ தொடர்) 2001-இல் மனித ஜீனோமையும் துண்டுகளிலிருந்து கோத்த செலெரா நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களில் டேனியல் ஹூசன் டூபிங்கனுக்கும், கனுட் ரைனர்ட் பெர்லினுக்கும், ஜீன் மையர்ஸ் 2012-இல் டிரெஸ்டனுக்கும் வந்தார்கள். மென்பொருளை ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்து வரும் நம் பிள்ளைகள் முதல் மாதமே திணறுவது இதனால்தான்.

அதே மாதத்தில்தான் அலுவலக அலைச்சலும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், இதுதான் 'அன்மெல்டுங்'. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, நீங்கள் குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிச் சான்று வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள். பதிவு தள்ளிப்போனால் வரி எண்ணும் வதிவிட அனுமதியும் சேர்ந்து தள்ளிப்போகும். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும் வங்கி முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் கைக்கு வருவது 992. டூபிங்கன் இருக்கும் பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலம் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்குகிறது. அந்த 992-இல் இது அடங்காது, தனியாக எடுத்து வையுங்கள்.

வகுப்பில் வாராவாரம் ஒரு பயிற்சித்தாள் தருவார்கள். பல பாடங்களில் அவற்றில் பாதி மதிப்பெண்ணாவது இருந்தால்தான் இறுதித் தேர்வு எழுதவே விடுவார்கள். அலுவலக வரிசையில் நின்றே முதல் மூன்று தாள்களைக் கோட்டைவிட்டால் பிறகு எட்டிப் பிடிப்பது கடினம். ஆகவே ஊரில் விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே, பேனாவும் தாளுமாக உட்கார்ந்து கீழே உள்ளதைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் கவரேஜ், அதாவது ஜீனோமின் ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக எத்தனை முறை படிக்கப்படுகிறது என்பது. ஈ. கோலை பாக்டீரியாவின் ஜீனோம் சுமார் 46 லட்சம் எழுத்து (ஏ, சி, ஜி, டி என்ற நான்கே டிஎன்ஏ எழுத்துகள்). இலுமினா கருவி படித்துத் தரும் ஒரு டிஎன்ஏ துண்டு, அதாவது ரீட், 150 எழுத்து என்று வைத்துக்கொண்டால், 30 மடங்கு கவரேஜுக்கு 9,20,000 ரீட் வேண்டும். லேண்டரும் வாட்டர்மனும் 1988-இல் தந்த சூத்திரப்படி, 5 மடங்கில் சுமார் 31,000 எழுத்துகள் எந்த ரீட்டிலும் அகப்படாது. 10 மடங்கில் 200 சொச்சம்தான். அப்படியானால் 30 எதற்கு? ரீட்கள் சீராக விழுவதில்லை, பிழைகளையும் களைய வேண்டும்.

இந்த ரீட்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 42,000 கோடிக்கு மேல் ஜோடிகள் வரும். அதைத் தவிர்க்கத்தான் டி புருயின் கிராஃப். ஒவ்வொரு ரீட்டையும் கே (நாம் தேர்ந்தெடுக்கும் ஓர் எண்) எழுத்துத் துண்டுகளாக, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி வெட்டுகிறோம், இவை கே-மர்கள். கடைசி எழுத்தை விட்ட முன்பகுதி ஒரு முனை, முதல் எழுத்தை விட்ட பின்பகுதி இன்னொரு முனை, துண்டு அவற்றை இணைக்கும் கோடு. எல்லாக் கோடுகளையும் ஒரே ஒரு முறை கடக்கும் ஆய்லர் பாதைதான் ஜீனோம். முனைகள் எல்லாவற்றையும் ஒரு முறை தொடும் பாதையைத் தேட வேகமான வழி இதுவரை தெரியவில்லை. கோடுகளைக் கடக்கும் பாதைக்கு உண்டு. பெவ்ஸ்னர், டாங், வாட்டர்மன் மூவரும் 2001-இல் அசெம்பிளியை (துண்டுகளைக் கோக்கும் வேலையை) இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

இப்போது ஏசிஜிஏசிடிஏசி என்ற எட்டெழுத்துத் தொடரை மூன்று மூன்றாக வெட்டுங்கள்: ஏசிஜி, சிஜிஏ, ஜிஏசி, ஏசிடி, சிடிஏ, டிஏசி. ஏசிடிஏசிஜிஏசி என்ற வேறொரு தொடரையும் வெட்டுங்கள். அதே ஆறு துண்டுகள்தான் வரும்! ஏசி என்ற முனையிலிருந்து இரண்டு வளையங்கள் கிளம்புகின்றன. எதை முதலில் சுற்றுவது என்று கிராஃபுக்குத் தெரிய வழியே இல்லை. அசெம்பிளியின் பெரும் தொல்லை முழுவதும் இந்த ஆறு துண்டுகளுக்குள் இருக்கிறது. கே-யை 4 ஆக்கினால் ஜிஏசிடி முதல் தொடரில் மட்டும் வரும், குழப்பம் தீரும்.

அப்படியானால் கே-யை ஏற்றிக்கொண்டே போகலாமா? கூடாது. 150 எழுத்து ரீட்டில் கே 31 என்றால் 120 கே-மர்கள். 30 மடங்கு கவரேஜ் கே-மர் அளவில் 24 ஆகிறது. கே 101 என்றால் 50 கே-மர்களே, கவரேஜ் 10-க்கு விழும், பாதை அங்கங்கே அறுந்துபோகும். கே 31 என்றால், ரீட்டின் நடுவில் ஓர் எழுத்து பிழையானால் 31 கே-மர்கள் கெடும். இவை பெரும்பாலும் ஒருமுறையே வருவதால் எண்ணிக்கை பார்த்து வெட்டிவிடலாம்; கவரேஜ் குறைவாக இருந்தால் உண்மையான கே-மர்களும் சேர்ந்து வெட்டுப்படும். கே ஒற்றைப்படையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: எந்தக் கே-மரும் டிஎன்ஏவின் எதிர் இழையில் படிக்கும் தன் வடிவத்துக்குச் சமமாகாது. 150 எழுத்து ரீட்டுக்கு, ரீட்களைக் கோக்கும் ஸ்பேட்ஸ் மென்பொருள் கே-யை 21, 33, 55, 77 என்று ஏறிப் போவதன் நியாயம் இதில்தான்.

ஸ்பேட்ஸ் ஓட்டியும் ஈ. கோலை ஒரே துண்டாக வராது. ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுத் தொகுதி அதில் ஏழு இடங்களில், ஒவ்வொன்றும் 5,000 எழுத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறது. 150 எழுத்து ரீட் அதைத் தாண்டாது. 10,000-க்கு மேல் நீளும் நானோபோர் கருவியின் ரீட் தாண்டும். அவற்றைக் கோக்க ஃப்ளை மென்பொருள். என்50 (அசெம்பிளியின் பாதி எழுத்துகள் இந்த நீளமோ அதற்கு மேலோ உள்ள துண்டுகளில் இருக்கும்) பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் மகிழாதீர்கள், தவறாக ஒட்டிய துண்டும் என்50-ஐ உயர்த்தும். குவாஸ்ட் என்ற சரிபார்ப்பு மென்பொருள் கொண்டு ஏற்கெனவே தெரிந்த ஜீனோமோடு ஒப்பிட்டுப் பிழை ஒட்டுகளை எண்ணுங்கள்.

மடிக்கணினி சிறியதென்றால் கவலை வேண்டாம். ஃப்ரைபுர்க்கிலிருந்து இயங்கும் ஐரோப்பிய கேலக்ஸி சர்வரில் இந்த மென்பொருள்களை இணையம் வழியே இலவசமாக ஓட்டலாம்.

தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். வகுப்பில் சேர்ந்தாலே பதிந்ததாகாது. பயிற்சித்தாள்களில் நன்றாகச் செய்பவர்கள் அடுத்த செமஸ்டரில் அதே பாடத்துக்கு மாணவ உதவியாளர் வேலை கேட்கலாம். பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் அந்த வேலை, வெளி வேலைக்கான ஆண்டுக்கு 140 முழு நாள் வரம்பில் சேராது.