கார் ஏசியில் அடைக்கிற அதே வாயு

சேலம் ஐந்து ரோடு பக்கம் கார் ஏசி பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்134ஏ கேஸைச் சும்மா காற்றில் திறந்துவிடும் பையன்களைத் திட்டாத நாளில்லை. போன ஆவணியில் வேலையில்லாத ஒரு மத்தியானம், ஆஸ்துமாவுக்கு நான் வாயில் வைத்து இழுக்கும் நீலப் பஃப் டப்பாவின் பொடி எழுத்தைப் படித்தேன். எச்எஃப்ஏ 134ஏ. அதே வாயு! மருந்தை வெளியே தள்ளுவதே அதுதானாம். கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,300 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குவது. காருக்கு அரைக்கிலோ அடைக்கிறேன், டப்பாவில் 20 கிராம்கூட இருக்காது. ஆனால் கார் கேஸ் குழாய்க்குள்ளேயே சுற்றும்; இது அழுத்த அழுத்த வெளியே போகிறது.

வாயு இல்லாத தூள் மருந்துக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் போனேன். "நீலம் மாசம் எத்தனை தீருது?" என்றார். "ஒண்ணு சார்." பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வருஷத்துக்கு மூணு ஆனாலே ஆபத்துங்க. அது அப்போதைக்கு மூச்சை விடவைக்கும், உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது." காலை, மாலை இழுக்க ஸ்டீராய்டு கலந்த தூள் எழுதினார்.

அவர் எதிரிலேயே பழகினேன். தூள் இழுக்கும் கருவியில் கேப்ஸ்யூலைச் சொருகி அடிப்பாகத்தைத் திருகினால் அது பிரிந்து தூள் கொட்டும். பஃப்பை மெதுவாக இழுத்துப் பழகிய வாய். இதைப் பலமாக, ஒரே மூச்சில் இழுக்கணும். பத்து நொடி அடக்கணும், பிறகு வாய் கொப்பளிக்கணும். முதல் தடவை பாதித் தூள் உள்ளேயே தங்கியது. சின்னக் குழந்தைகளுக்கு இந்த இழுவை வராது, அவர்களுக்கு ஸ்பேசர் என்கிற குடுவையை மாட்டிப் பஃப்தான் என்றார்.

கார்த்திகையில் ஏற்காட்டில் மாமியார் வீட்டுக்குப் போனபோது ஒரு கூத்து. ராத்திரி கேப்ஸ்யூல் பாட்டில் மூடியைச் சரியாகத் திருகவில்லை. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் கேப்ஸ்யூல் எல்லாம் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டியில் புதுசு வாங்கினேன்.

பொங்கலுக்குப் பிறகு வாங்கிய நீலம் இன்னும் தீரவில்லை. திடீரென்று இழுப்பு வந்தால் வேண்டுமே என்று அதை டூல் பாக்ஸில்தான் வைத்திருக்கிறேன். கணக்குப் பார்த்தால், தூளுக்கு மாறியதைவிட நீலம் குறைந்ததில்தான் வாயு அதிகம் மிச்சம்.

காலி டப்பாக்கள்தான் தொல்லை. மருந்து தீர்ந்தாலும் உள்ளே கொஞ்சம் வாயு நிற்கும். குத்தவும் கூடாது, தீயில் போடவும் கூடாது. மூன்று மருந்துக் கடையில் கேட்டேன், திருப்பி வாங்க ஆளில்லை. பட்டறை அலமாரியில் ஒன்பது நிற்கின்றன.